அரைக்கட்டை கீழே

எங்கள் ஆலயத்துப் பாடகர் குழுவில் பேஸ் என்கிற அடிக்குரல் வரிசையில் நிற்பவன் நான். வரிசை என்று பெயர்தான், மொத்தம் மூன்றே பேர். நான், ஒரு தையற்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். தபால்காரருக்குக் காது மந்தம். தையற்காரருக்குக் கூச்சம். ஆக, என் தொண்டை போகிற வழியில்தான் மற்ற இருவரும் வருவார்கள். அந்தத் தொண்டைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஆர்கன் கூட வரும்வரை யோக்கியமாக இருக்கும். ஆர்கன் நின்றால் போதும், கொஞ்சம் கொஞ்சமாகச் சுருதி இறங்க ஆரம்பிக்கும். பேஸ் இறங்கினால் மேலே பாடுகிற பெண்களும் கூடவே இறங்கியாக வேண்டும். இதை நான் ஒத்துக்கொள்வதற்கே இருபது வருஷம் பிடித்தது.

ஆர்கன் வாசிப்பவர் என் அண்ணி. பாடகர் குழுவைப் பழக்குபவரும் அவர்தான். பழைய ஆர்கனிஸ்ட் மகள் வீட்டோடு போய்விட்டபோது, "ஆள் கிடைக்கிற வரைக்கும் நீங்க பாத்துக்கங்கம்மா" என்று கமிட்டி சொன்னது. அதற்குப் பதினோரு வருஷம் ஆகிறது. கல்யாணம், அடக்கம், வாரம் இரண்டு ஆராதனை, எல்லாவற்றுக்கும் அண்ணிதான். காய்ச்சலோடு வந்து வாசித்திருக்கிறார். ஆனால் வருஷ அறிக்கையில் இன்றுவரை அவர் 'தற்காலிக ஆர்கனிஸ்ட்'. நிரந்தரமாக்கச் சொல்லி எழுதிய கடிதங்களெல்லாம் கிணற்றில் போட்ட கல். காரணம் கமிட்டிச் செயலாளர். வாயைத் திறந்தால் விதி எண் சொல்லித்தான் மூடுவார் என்பதால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'விதிமுறை'. அண்ணி முறையாகப் பரீட்சை எழுதவில்லையாம், சான்றிதழ் இல்லையாம். சான்றிதழ் இல்லாத கையால் வாசித்த இசைக்கு அவர் மகள் கல்யாணத்தில் மட்டும் ஒரு குறையும் தெரியவில்லை.

இந்த வருஷம், பிள்ளைகளைச் சபையில் முழு உறுப்பினராகச் சேர்க்கிற திடப்படுத்தல் ஆராதனைக்குப் பேராயர் வருவதாக இருந்தது. புதிதாக வந்த ஆயர் இளவயதுக்காரர், நல்ல மனுஷன். "பதினோரு வருஷம் தற்காலிகம்னா கேக்கறவங்க சிரிப்பாங்க. ஒரு முடிவு எடுங்க" என்று கமிட்டியில் பிடிவாதமாக நின்றுவிட்டார். விதிமுறை யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். பேராயரோடு பேராலயத்து ஆர்கனிஸ்டும் வரட்டும். ஆராதனை முழுக்க உட்கார்ந்து கேட்கட்டும். அவர் தகுதி உண்டு என்றால் நிரந்தரம், இல்லை என்றால் அடுத்த மாதமே வேறு ஆள்.

அண்ணி அதற்குச் சம்மதித்தார். "கேக்கட்டுமே. நான் என்ன ஒளிச்சு வெச்சா வாசிக்கிறேன்?" என்றார். நான்தான் என் தொண்டையை நினைத்து அன்றிலிருந்து சுக்குக் கஷாயம் குடிக்க ஆரம்பித்தேன்.

போதாக்குறைக்கு, அண்ணிக்கு நல்லது செய்வதாக நினைத்து ஆயர் ஒரு யோசனை சொன்னார். கடைசிப் பாட்டுக்கு ஐந்து சரணம். மூன்றாவதையும் நான்காவதையும் பாடகர் குழு மட்டும் ஆர்கன் இல்லாமல் பாட வேண்டும். ஐந்தாவதில் ஆர்கன் முழு சத்தத்தோடு சேர, சபையார் எல்லாரும் எழுந்து பாட வேண்டும்.

"ஐயா, அதுக்கு முன்னாடி நடுவுல ரெண்டு வரி நான் வாசிச்சுக்கறேனே. அதுக்குள்ள இவங்க சுருதியைச் சரி பண்ணிடலாம்" என்று அண்ணி கேட்டார்.

"இடைவெளியே இருக்கக் கூடாதும்மா. அப்படியே பொங்கி வரணும்" என்றார் ஆயர். தற்காலிக ஆர்கனிஸ்ட் அதற்கு மேல் என்ன பேச முடியும்?

வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் மூன்று தடவை பாடிப் பார்த்தோம். முதல் தடவை சரியாக அரைக்கட்டை இறங்கினோம். அரைக்கட்டை என்றால் ஆர்கனில் ஒரு கட்டைக்கும், கறுப்போ வெள்ளையோ, அதை ஒட்டிய அடுத்த கட்டைக்கும் உள்ள தூரம். இரண்டாம் தடவை கொஞ்சம்தான் இறங்கினோம். மூன்றாம் தடவை இரண்டுக்கும் நடுவே எங்கேயோ தொங்கினோம். ஐந்தாம் சரணத்துக்கு ஆர்கன் சேர்ந்தபோது எழுந்த சத்தத்தில் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்த ஆலயப் பணியாளர் காதைப் பொத்திக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த விதிமுறை மட்டும் சிரிக்கவில்லை, குறிப்பேட்டில் என்னவோ எழுதினார்.

"எவ்வளவு இறங்குவீங்கன்னு தெரிஞ்சா நானும் அங்க இறங்கி வந்துடுவேன் தம்பி. ஒவ்வொரு தடவையும் வேற வேற மாடியில நிக்கறீங்களே!" என்றார் அண்ணி.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிரம்பி வழிந்தது. பேராலயத்து ஆர்கனிஸ்ட் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நரைத்த தலை, சிடுசிடுத்த முகம், மடியில் இசைக்குறிப்புப் புத்தகம், கையில் பென்சில். பக்கத்தில் விதிமுறை, இஸ்திரி மடிப்புக் கலையாமல். ஆராதனையில் ஒரு குறை சொல்வதற்கில்லை. பேராயர் பிள்ளைகளின் தலையில் கை வைத்து ஜெபித்தபோது அண்ணி அடியில் மெல்லியதாக வாசித்ததில் எனக்கே கண்ணைக் கரித்தது. முதல் வரிசைப் பென்சில் அசையவே இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். பிறகு கடைசிப் பாட்டு வந்தது.

அண்ணி உட்காரும் இடத்திலிருந்து எங்களைப் பார்க்க முடியாது, முதுகுதான் எங்கள் பக்கம். அதனால் பழைய கார் ஒன்றின் கண்ணாடியை ஆர்கனுக்கு மேலே என் அண்ணன் திருகி வைத்திருக்கிறார். அதில் எங்களைப் பார்த்துக்கொண்டே அண்ணி கையைத் தூக்கித் தாளம் காட்டுவார். அண்ணன் பக்கத்தில் நின்று பக்கம் புரட்டுவார். இசைக்குறிப்பில் அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது. அண்ணி தலையாட்டினால் புரட்டுவார், அவ்வளவுதான்.

மூன்றாம் சரணம் தொடங்கியது. ஆர்கன் நின்றது. இறங்கக் கூடாது, இறங்கக் கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இறங்கினேன். நான்காம் சரணத்தின் முதல் வரியில் எனக்கே தெரிந்துவிட்டது. பழைய இடத்திலும் இல்லை, அரைக்கட்டைக்கும் போய்ச் சேரவில்லை. நட்டநடுவே நின்றோம். அந்த இடத்துக்கு ஆர்கனில் கட்டையே கிடையாது. இன்னும் மூன்று வரி. அதற்குப் பிறகு அண்ணி எந்தக் கட்டையில் விரலை வைத்தாலும் மோதல்தான். பதினோரு வருஷத்தை என் பாழாய்ப்போன தொண்டை தின்றுவிட்டது என்று நினைத்தேன்.

கண்ணாடியில் அண்ணி என்னைப் பார்த்தார். கையைக் கவிழ்த்துக் கீழே அழுத்திக் காட்டினார். சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறார் என்று குறைத்தேன். இல்லை என்று தலையசைத்தார். என்னை நோக்கி ஒரு விரல் நீட்டினார். பிறகு கட்டைவிரலைக் கீழே காட்டினார், ஒரு தடவை, இரண்டு தடவை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இறங்கச் சொல்கிறார்! பதினோரு வருஷமாக எதற்காக என்னைத் திட்டினாரோ, அதையே செய்யச் சொல்கிறார். நடுவில் தொங்காதே, முழுசாக இறங்கு, அங்கே நான் வந்து பிடித்துக்கொள்கிறேன் என்கிறார்.

இறங்கினேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தெரிந்தே, அளந்து, ஒவ்வொரு சொல்லாக இறங்கினேன். தையற்காரர் என்னோடு வந்தார். தபால்காரர் என் முகத்தைப் பார்த்தே வந்தார். எங்களுக்கு மேலே பாடுகிற டெனர் ஆண்கள் வந்தார்கள், பெண்கள் வந்தார்கள். அண்ணி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசி வரியின் கடைசிச் சொல்லில், போதும் என்பதுபோல் கண்ணை மூடித் திறந்தார். பிறகு எதிரே இருந்த புத்தகத்தைப் படாரென்று மூடினார்.

புரட்டப் போன அண்ணன் கை அந்தரத்தில் நின்றது. பாவம், முகத்தில் ஈயாடவில்லை.

புத்தகத்தால் இனி என்ன பயன்? அதில் எழுதியிருப்பது மேல்மாடிக்கு. அண்ணி வாசிக்க வேண்டியது கீழ்மாடியில். பத்து விரலும், மிதிகட்டைகளில் இரண்டு பாதமும் ஒவ்வொரு சுரத்துக்கும் வேறு இடம் போக வேண்டும், ஒரு மூச்சு நேரம்கூட யோசிக்க அவகாசமில்லை. அண்ணி இரண்டு கையையும் ஒரே சமயத்தில் இறக்கினார்.

சேர்ந்தது! மயிரிழைகூடப் பிசகாமல் சேர்ந்தது. மரத்தரை என் காலடியில் அதிர்ந்தது. சபையார் எழுந்து பாடிய பாட்டில் கூரை பிய்த்துக்கொண்டு போகும் போலிருந்தது. வழக்கமாக வாயை மட்டும் அசைப்பவர்கள்கூடத் தொண்டை நரம்பு புடைக்கப் பாடினார்கள். பேராயர் தம் மேய்ப்பர் கோலைத் தரையில் தட்டித் தாளம் போட்டார். எனக்குக் கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் அங்கி மாற்றும் அறையில் பேராயர், ஆயர், விதிமுறை, பேராலயத்து ஆர்கனிஸ்ட் நால்வரும் கூடினார்கள். நாங்கள் பாடகர்களும் அங்கேதான் அங்கி கழற்ற வேண்டும், அதனால் நானும் இருந்தேன். அண்ணி கதவோரம் நின்றார். அண்ணன் அவர் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார்.

"சொல்லுங்க ஐயா, உங்க அபிப்பிராயம் என்ன?" என்று விதிமுறை மினிட்ஸ் புத்தகத்தைத் திறந்தார்.

"கடைசிச் சரணத்துல இந்தம்மா புத்தகத்துல இருக்கறதை வாசிக்கல" என்றார் அந்தப் பெரியவர்.

விதிமுறையின் முகம் மலர்ந்தது. "எழுதிக்கலாங்களா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, தப்பு என்னோடது! நான்தான் சுருதியை இறக்கினேன். அண்ணி மேல பழி போடாதீங்க!" பாதி அங்கியில் மாட்டிய கையோடு கத்தினேன்.

பெரியவர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஓ, நீங்கதானா அந்த பேஸ்?" சிடுசிடுப்பு எங்கே போனதோ, வாய்விட்டுச் சிரித்தார். "முப்பது வருஷமா வாசிக்கறேன் ஐயா. இதே இடத்துல எத்தனை தடவை மாட்டியிருக்கேன் தெரியுமா? ஒவ்வொரு தடவையும் மோதித்தான் வாசிச்சேன். பாடறவங்களை இறக்கி, தானும் இறங்கி, புத்தகத்தையும் மூடிட்டு வாசிக்க எனக்குத் துணிச்சல் வந்ததே இல்ல." அண்ணி பக்கம் திரும்பினார். "இதை நீங்க எங்கம்மா படிச்சீங்க?"

"இவங்களோட பதினோரு வருஷம் இருந்தா தானா வந்துடும் ஐயா" என்றார் அண்ணி.

பேராயர் சிரித்தார். ஆயர் தலையைச் சொறிந்தார். "இடைவெளி வேண்டாம்னு சொன்னது நான்தான். மன்னிச்சுக்கங்கம்மா. நிரந்தர ஆர்கனிஸ்டா இருக்க உங்களுக்குச் சம்மதம்தானே?"

அண்ணி முதலில் விதிமுறையின் மினிட்ஸ் புத்தகத்தைப் பார்த்தார். அண்ணன் பதறிப்போய் அவரை முழங்கையால் இடித்தார்.

"சம்மதம். ஒரே ஒரு விஷயம். எந்தப் பாட்டு, எங்க ஆர்கன் வரணும், எங்க வேண்டாம், இனிமே நான்தான் சொல்வேன்."

"அது கமிட்டியில வெச்சு, விதி எண் பதினாலுப்படி..." என்று ஆரம்பித்தார் விதிமுறை.

"கமிட்டி இங்கதானே இருக்கு. எழுதுங்க" என்றார் பேராயர்.

விதிமுறை எழுதினார். தன் சொந்தக் கையால், தன் சொந்தப் பேனாவால், ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். 'தற்காலிக' என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்துவிட்டு அடித்தார். அந்த அடித்தலை நான் கிட்டப் போய்ப் பார்த்து ரசித்தேன், பொய் சொல்லவில்லை. அண்ணன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

அண்ணி அழவில்லை. என் பக்கம் திரும்பினார். "தம்பி, வெள்ளிக்கிழமை பயிற்சி ஆறு மணிக்கு. பேஸ் வரிசை அஞ்சரைக்கே வந்துடணும். இன்னிக்கு இறங்கினது சரி, இனி ஒரு இழைகூட இறங்கக் கூடாது."

"சரிங்க, ஆர்கனிஸ்டம்மா" என்றேன்.