எதாலும் வகுபடாத எண்

கணக்குப் பேராசிரியரின் படுக்கையறையில் கணவன், மனைவி போக மூன்றாவதாக ஓர் ஆள் குடியேறி வருஷக்கணக்காகிவிட்டது. அது ஒரு கம்ப்யூட்டர். ராப்பகலாக உறுமிக்கொண்டு பகா எண் தேடியது. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் வகுபடாத, இதுவரை யார் கண்ணிலும் படாத ஒரு பெரிய எண். ஒருநாள் கிடைத்தே விட்டது. பல லட்சம் இலக்கங்கள். வேறு ஊர்க்காரர்கள் தங்கள் கம்ப்யூட்டர்களில் போட்டுப் பார்த்து, சரிதான் என்றார்கள்.

"இத வச்சு என்ன பண்றது?" என்று மனைவி கேட்டாள்.

"ஒண்ணும் பண்ண முடியாது," என்றார் பேராசிரியர் பெருமையாக.



எண்ணின் பயன் கல்லூரி முதல்வருக்குத்தான் பளிச்சென்று தெரிந்தது. பாராட்டு விழா, மண்டபச் சுவர் முழுக்க எண், வரிசையாகப் பத்திரிகைக்காரர்கள். பேனர் அடிப்பவர் எண்ணைப் பார்த்துவிட்டு, முழுசாக வேண்டுமானால் மண்டபத்தை அடுத்த ஊர் வரை நீட்டித் தரச் சொன்னார். சுவர் கொள்கிற அளவு போதும் என்றுவிட்டார் முதல்வர்.

வெட்டிய இடத்தில் எண் ஐந்தில் முடிந்தது. ஐந்தால் வகுபட்டுவிடுமே என்று பேராசிரியர் பதறினார். அந்த ஐந்தை எடுத்துவிடச் சொன்னார் முதல்வர். எடுத்தால் எட்டு, அது இரண்டால் வகுபடும். அதையும் எடுத்தார்கள். ஏழு வந்தது.

"ஏழு பாக்க லட்சணமா இருக்கு சார். இதோட நிப்பாட்டிக்கலாம்," என்றார் முதல்வர்.

விழாவில் மனைவிக்கு முன்வரிசையில் இடம். மேடையில் உட்கார்ந்த பேராசிரியர், எதிர்ச் சுவரில் தொங்கிய இலக்கங்களை மனசுக்குள் கூட்ட ஆரம்பித்தார். கூட்டுத்தொகை மூன்றால் வகுபட்டால் எண்ணும் வகுபடும். முதல்வர் பேசி முடிப்பதற்குள் கூட்டி, மறுபடி கூட்டிச் சரிபார்க்கவும் அவகாசம் இருந்தது. வகுபட்டது.

மைக் கைக்கு வந்தது. பேசாமல் நன்றி சொல்லி உட்கார மனம் ஒப்பவில்லை.

"மன்னிக்கணும். சுவர்ல இருக்கறது நான் கண்டுபிடிச்ச எண் இல்ல, அதுல ஒரு துண்டு. அது மூணால வகுபடும்."

கைத்தட்டல் கூரையைப் பிய்த்தது. முதல்வர் எழுந்து வந்து கைகுலுக்கினார்.

மறுநாள் பத்திரிகையில், 'மூன்றால் வகுபடும் அரிய பகா எண்: பேராசிரியர் சாதனை' என்று கொட்டை எழுத்தில் வந்தது. பேராசிரியர் போன் போட்டு, அது தப்பு என்றார். நிருபர் பணிவாக வருத்தம் தெரிவித்து, மூன்றுக்குப் பதிலாக எத்தனை என்று போட வேண்டும் என்று கேட்டார்.

தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரின் பக்கத்தில் மனைவி பத்திரிகையோடு வந்தாள்.

"ஏங்க, மூணால வகுபட்டா அது எப்படிப் பகா எண்ணாகும்? சுவர்ல இருக்கறது வெறும் துண்டுன்னு நீங்க மேடையில சொன்னீங்களே, இதுகூடவா தெரியாம எழுதறாங்க?"

பேராசிரியர் நிமிர்ந்து பார்த்தார். அத்தனை பெரிய மண்டபத்தில் காதுகொடுத்துக் கேட்டவள் இவள் ஒருத்திதான். நிஜ எண்ணைக் காட்டச் சொன்னாள். திரையில் இலக்கங்கள் ஓடி ஓடி, கடைசியில் ஒன்றில் வந்து நின்றன.

"பாக்க ஒண்ணும் விசேஷமா இல்லையே," என்றாள்.

"இல்லதான்," என்று ஒப்புக்கொண்டார்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சரி, மேலேர்ந்து இன்னொரு தடவ காட்டுங்க. மெதுவா."