கிரகணம் பார்க்க எந்த இடம்?

சைக்கிளைச் சுவரில் சாய்க்கக்கூட நிற்காமல் நாகையா உள்ளே பாய்ந்தான். தங்கை புருஷன் சின்னையா சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தான்.

“வேலைக்குப் போகல மாப்ள?”

“லீவு சொல்லிட்டேன் மச்சான். பாடாங் மைதானத்துல கிரகணம் காட்டறாங்கல்ல. கறுப்புக் கண்ணாடி சும்மா தராங்களாம், ஆளுக்கு ஒரு படி அரிசி வேற. இந்த ரயில்வே லயத்து வீடு அத்தனையும் அங்கதான் போகுது.”

ஜப்பான்காரனின் ஆள்சேர்ப்பு ஆபீசில் நாகையா கிராணி, பேர் எழுதும் குமாஸ்தா. பாடாங்கின் பின்பக்கம் இருபது லோரி நிற்கப்போவது அவனுக்குத் தெரியும். ஏறியவன் இறங்குமிடம் சயாம் காடு, ஜப்பான்காரன் ரயில்பாதை போடும் இடம். முன்னே போனவர்களில் ஒருவன்கூடத் திரும்பவில்லை. இதைச் சொன்னால் சின்னையாவின் வாய் சும்மா இருக்காது. பொழுது சாய்வதற்குள் நாகையாவின் தலை போய்விடும்.

“புள்ளத்தாச்சி இருக்கற வீட்டுல கிரகணத்தன்னிக்குப் புருஷன் வாசப்படி தாண்டக் கூடாது,” என்றான்.

அடுப்படியில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த தங்கமணி நிமிர்ந்தாள். அவளுக்கு ஏழாம் மாதம். “நாந்தானே வெளிய வரக்கூடாது? புருஷனுக்கும் சேர்த்தா?”

சின்னையா சிரித்தான். “கோயில் பக்கமே வராத ஆளு. ஒங்கண்ணனுக்கு இன்னிக்குத்தான் சாஸ்திரம் முளைச்சிருக்கு.”

“புள்ள ஊனமாப் பொறந்தா என்னக் கேக்காதீங்க.”

சிரிப்பு நின்றது. தங்கமணியின் கை தானாக வயிற்றுக்குப் போனது. “இருந்துருங்க. சன்னலோரம் தாம்பாளத்துல மஞ்சத் தண்ணி வைக்கிறேன், அதுல பாத்துக்கலாம்.”

முணுமுணுத்துக்கொண்டே சின்னையா பித்தான்களைக் கழற்றினான். நாகையா அப்போதுதான் மூச்சு விட்டான்.

வாசலில் செருப்புச் சத்தம். பக்கத்து வீட்டு இராமலிங்கம், பின்னால் லயத்து ஆண்கள் முப்பது பேர். அத்தனை கையிலும் பை.

“கிராணியாரே, எந்தப் பக்கம் நின்னா நல்லாத் தெரியும்?”

நாகையா வாயைத் திறந்தான். “எங்க நின்னாலும் ஒண்ணுதான்ணே.”

அவர்கள் பேசிச் சிரித்தபடி பாடாங்குக்குப் போகும் மேட்டில் ஏறிப் போனார்கள். தங்கமணி அண்ணனின் முகத்தையே பார்த்தாள். “இராமலிங்கம் வீட்லயும் மருமக முழுகாமத்தான இருக்கா? அவர் மகனும் போறானே, ஏண்ணே தடுக்கல?”

நாகையா மேட்டைப் பார்த்தான். மேட்டில் கடைசிப் பை மறைந்தது. வெறும் கிரகணத்துக்கு நம்ம ஆள் வரமாட்டான், நோட்டீசில் அரிசி என்று போடுங்கள் என்று போன வாரம் ஆபீசில் யோசனை சொன்னவன் அவன்தான்.