நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்

1

இந்தக் கதையை எழுத நான் உட்காரவில்லை. உட்கார்ந்தது ஒரு கட்டுரை எழுத. காதல் நாவல் ஒன்று, அதிலிருந்து எடுத்த படம் ஒன்று, இரண்டையும் ஒப்பிட்டு ஆறு பக்கம் வேண்டும் என்று ஒரு பத்திரிகை கேட்டிருந்தது. (நாவலின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் தேடிப் போய் வாசிப்பீர்கள். வாசித்தால் ஒரு மூன்று பேர் மாட்டிக்கொள்வார்கள்.)

நாவலில் வன்முறை அகவயப்பட்டும், படத்தில் அது புறவயப்பட்டும்—

அவ்வளவுதான் கட்டுரை. அகவயமாம். அடி கன்னத்தில்தானே விழுந்தது. அந்தத் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு, சங்கரன்கோவிலில் தையல் சொல்லிக்கொடுக்கும் மாரித்தாய் என்னிடம் சொன்னதை எழுதத் தொடங்கினேன். பாதி அவர் சொன்னது, பாதி நான் சேர்த்தது. எந்தப் பாதி எது என்று இப்போது எனக்கே குழப்பம். அதில் கொஞ்சம் சந்தோஷமும்கூட.

2

முதல் தொடக்கம்: 1981 நவம்பர், வானம் கனத்திருந்த ஒரு மாலை—

வேண்டாம். வானம் எப்படி இருந்தால் நமக்கென்ன.

இரண்டாவது: மாரித்தாய் அந்தப் படத்தை ஐந்து முறை பார்த்திருந்தாள்.

இது சரி. (இனி 'அவள்' என்றுதான் எழுதுவேன். கதைக்குள் வந்துவிட்டால் மரியாதை கொஞ்சம் குறையத்தான் செய்யும்.) நூலக வாரவிழாவில் பட்டிமன்றம். தலைப்பு: மனதில் நிற்பது நாவலா, படமா? மாரித்தாய் படத்தின் கட்சி. நாவலையும் அவள் இரண்டு முறை வாசித்திருந்தாள், சண்டைக்குப் போகிறவள் எதிரியின் தெருவைத் தெரிந்துவைத்திருப்பதுபோல.

கதை எளியது. கல்லூரிப் பேராசிரியர் ரகுராமன், அவனைக் காதலித்துக் கட்டிக்கொண்ட சுகுணா. அவன் அடிப்பான், மறுநாள் கொஞ்சுவான். நாவலில் பதினோரு அடி. மாரித்தாய் எண்ணியிருக்கிறாள். கடைசியில் சுகுணா ஒரு பெட்டியோடு ரயிலடிக்குப் போய் டிக்கெட் எடுக்கிறாள், எந்த ஊருக்கு என்று நாவல் சொல்லாது. படத்தில் ஒரே ஓர் அறை. உடனே மின்னல், உடனே ஊட்டி, உடனே பாட்டு. முடிவில் அவன் கோயில் படியில் விழுந்து அழ, அவள் முந்தானையால் துடைத்துவிடுகிறாள்.

"நாவல்ல அவன் மன்னிப்பு கேக்கது ரெண்டே வரி," என்றாள் மாரித்தாய் மேடையில். "படத்துல நாலு நிமிசம், பன்னெண்டு வயலினு. எது மனசுல நிக்கும், நீங்களே சொல்லுங்க." பாடியும் காட்டினாள். நூலகத்து முன்னால் பெஞ்சுகளில் இருந்தவர்கள் விசிலடித்தார்கள். தெருவில் போன சைக்கிள்கள் நின்றன. மாரித்தாய் வென்றாயிற்று என்றே நினைத்தாள்.

3

இசக்கித்தாய் எழுந்தாள். நாவலின் கட்சி. இருபத்தாறு வயது, தாழ்ந்த குரல், கையில் குறிப்புத்தாள் இல்லை. அவள் புருஷன் கருத்தப்பாண்டி இரண்டாவது வரிசையில்.

இந்தக் கருத்தப்பாண்டியை எழுதத்தான் நான் பட்ட பாடு. முதலில் அவருக்குச் சிவந்த கண்களும் சாராய நெடியும் கொடுத்தேன். அடித்துவிட்டேன். அவர் குடிப்பதில்லை. சிவகிரி பஸ்ஸில் கண்டக்டர். கிழவிகளின் கூடைகளைத் தானே இறக்கிவைப்பார். சில்லறை இல்லாத பிள்ளைகளை இறக்கிவிடமாட்டார். 'இவரா?' என்று உங்களுக்குச் சந்தேகம் வரும். ஊருக்கும் வந்திருக்கும், யாராவது சொல்லியிருந்தால். அன்று டியூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு நேராக வந்திருந்தார். "நம்ம வீட்லதான் பேசப்போறா," என்று பக்கத்து ஆளிடம் பெருமையாகச் சொன்னார்.

4

"பக்கம் நாப்பத்திரெண்டு," என்று ஆரம்பித்தாள் இசக்கித்தாய். "சாம்பார்ல உப்பு கூடிப்போச்சுன்னு தட்டைத் தள்ளுதான்." மாரித்தாய் தலையாட்டினாள். சரிதான், இருக்கிறது.

"பக்கம் நூத்தி நாப்பத்தி மூணு. அடிக்கதுக்கு முந்தி ரேடியோவைச் சத்தமா வைக்கான். பக்கத்து வீட்டுக்குக் கேக்கக் கூடாதுல்லா. படத்துல மின்னல் வெட்டுது. நெசத்துல ரேடியோதான்."

மாரித்தாய்க்கு உள்ளே குபீரென்று ஒரு துள்ளல். இசக்கித்தாய் சிக்கிக்கொண்டாள். நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் ரகுராமன் குற்றாலத்தில் அல்வா வாங்குகிறான். அவள் பென்சிலால் குறித்துக்கொண்டாள்.

"அதே பக்கம். கழுத்துல கெடக்க விசிலைக் கழட்டி ஆணியில மாட்டுதான். அப்புறந்தான் கை ஓங்குதான். ஆணிப் பக்கம் போனாலே அவளுக்குத் தெரிஞ்சிரும்."

நடுவர் ஆவுடையப்பன், பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர், மணியைத் தட்டினார். "ஏம்மா, அவன் காலேஜ் வாத்தியாரு. அவனுக்கு எதுக்கு விசிலு?"

கூட்டம் சிரித்தது. மாரித்தாயும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இரண்டாவது வரிசையைப் பார்த்தாள். கருத்தப்பாண்டி சிரிக்கவில்லை. அவர் கழுத்தில் கறுப்புக் கயிறு. அதில் தொங்கியதை அவர் கை பொத்திப் பிடித்திருந்தது.

மாரித்தாயின் பென்சில் கீழே விழுந்தது. (நான் சேர்த்தது: பென்சில். மற்றது அப்படியே நடந்தது.)

அவள் எழுந்தாள். "நடுவர் அவர்களே, அவரு என்.சி.சி. ஆபீசர்லா. மூணாம் அத்தியாயத்துலயே வருது. ஐயா அங்கன வேகமாத் திருப்பிட்டீயளோ?"

ஆவுடையப்பன் நாவலைத் தொட்டதே இல்லை. படம் மட்டும்தான் பார்த்திருந்தார். "ஆமாமா, என்.சி.சி.," என்றார். "ஞாபகம் இருக்கு."

5

கருத்தப்பாண்டி எழுந்து நின்றார். "புஸ்தகத்தைக் கொண்டாங்க. பாத்துருவோம்."

நூலகர் இப்ராஹீம் உள்ளே போய் எடுத்துவந்து, எல்லாருக்கும் முன்னால் அந்தப் பக்கத்தைத் திருப்பினார். அல்வாவை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். கண்ணாடியைத் தூக்கி ஒருமுறை இசக்கித்தாயைப் பார்த்தார். அவள் இன்னும் மைக்கை விடவில்லை.

"இருக்கு," என்றார் இப்ராஹீம். "விசில் இருக்கு. ஆணி இருக்கு. ரேடியோவும் இருக்கு."

"குடுங்க, நான் பாக்கேன்."

"உறுப்பினருக்குத்தான் அண்ணாச்சி குடுக்கலாம். கார்டு போட்டுட்டு வாங்க."

அதன்பின் பட்டிமன்றம் யார் கையிலும் இல்லை. மாரித்தாய் தன் கட்சியை மறந்து நூற்று எண்பத்தோராம் பக்கத்தைச் சொன்னாள். அது சொந்தச் சரக்கு. பின்வரிசைப் பெண் ஒருத்தி அறுபத்தாறாம் பக்கத்தைச் சொன்னாள். குருவிகுளத்திலிருந்து கத்தரிக்காய் விற்க வந்த பேச்சி கூடையை இறக்கிவைத்துவிட்டு மைக்கைக் கேட்டாள்.

"நான் படிக்காதவ. ஆனா எரநூத்தி அம்பதாம் பக்கத்துல, அவ ஆத்தா வீட்டுக்குப் போயி நிக்கா. ஆத்தா ஒரு வாய் சோத்தைப் போட்டு, அடுத்த பஸ்சுல திருப்பி அனுப்பிருதா. அதை யாரும் வாசிச்சியளா?"

நாவலில் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள்தான். பெண்கள் பக்கத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

தீர்ப்பு: நாவல். தோற்றுப்போனதில் மாரித்தாய்க்கு இவ்வளவு குஷி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மறுநாள் நூலகத்தில் வரிசை. "பைண்டிங்குக்குப் போயிருக்கு," என்று இப்ராஹீம் மூன்று மாதம் சமாளித்தார்.

6

இனி முடிவு.

முதல் முடிவு: கருத்தப்பாண்டி விசிலை அறுத்தெறிந்துவிட்டு மேடைப் படியில் விழுந்து— இதை முழுதாக எழுதினேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அப்போதுதான் புரிந்தது, அந்தப் பட டைரக்டரும் கெட்டவரில்லை, நம்மைப்போல ஆசைப்பட்டவர்.

இரண்டாவது: இசக்கித்தாய் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்— எந்த பஸ்ஸில் ஏறினாலும் கண்டக்டர்கள் அவள் புருஷனின் சினேகிதர்கள். வேண்டாம்.

நடந்ததைச் சொல்கிறேன். கூட்டம் கலைந்ததும் கருத்தப்பாண்டி மேடையருகே வந்து, மெதுவாக, "வா, வீட்டுக்குப் போலாம்," என்றார்.

"நீங்க போங்க," என்றாள் இசக்கித்தாய். "நான் அக்கா வீட்ல இருக்கேன்."

எந்த அக்கா என்று அவருக்கு மட்டுமில்லை, மாரித்தாய்க்கும் அப்போது தெரியாது. ஆனாலும் அவள் நகர்ந்து போய் இசக்கித்தாயின் பக்கத்தில் நின்றுகொண்டாள். கூடைக்காரப் பேச்சியும் நின்றாள். அவர் மூன்று பேரையும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

எட்டாம் நாள் காலை வெள்ளை வேட்டியில் வந்து மாரித்தாய் வீட்டு வாசலில் நின்றார். "இனிமே கை நீட்ட மாட்டேன். எங்க வேணும்னாலும் சத்தியம் பண்ணுதேன்," என்றார். குரல் உண்மையாகவே உடைந்திருந்தது. அதையும் சொல்லாமல் விட்டால் நான் பொய்யனாவேன். மாரித்தாய் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், இசக்கித்தாய் கையமர்த்தினாள்.

அவள் தையல் மிஷினில் இருந்தாள், தலையைத் தூக்கவில்லை. "இந்த ஜாக்கெட்டை முடிச்சுட்டுப் பதில் சொல்லுதேன்."

அவர் நிற்கிறார். மிஷின் ஓடுகிறது. ஒரு கையைப் பொருத்தினாள், பிடிக்கவில்லை, பிரித்தாள். மறுபடி பொருத்துகிறாள். அவசரமே இல்லை அவளுக்கு. கொஞ்சம் முனகிப் பாடுகிறாள் போலவும் இருக்கிறது.

என்ன பதில் சொல்லப்போகிறாள் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் வாசலுக்கு வெளியே இருக்கிறேன். ஒரு ஜாக்கெட் முடிய எவ்வளவு நேரம் ஆகும் என்பதும் எனக்குத் தெரியாது. தைக்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.