கைகோத்த வட்டம்

டயர் கடைக்கு மேலே இருந்த கூடத்தில் வாரம் ஒருமுறை பிரார்த்தனைக்காக அவர்கள் கைகோத்து வட்டமாக உட்கார்ந்தார்கள். நடத்தியவர் ஒரு காலத்தில் பஸ் கண்டக்டர். வாசலில் நாலு பேர் நின்றால் இன்னும் "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்பார். எல்லோருக்கும் அவர் அண்ணன். மதத்தைச் சமூகவியல் கண்ணால் பார்க்கப் படித்துக்கொண்டிருந்த ஆய்வு மாணவி, சில மாதங்களாக அந்த வட்டத்தில் ஓர் ஆள். ஆராய்ச்சிக்கு வந்திருக்கிறேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "படிப்பு வந்தாச்சா?" என்று கேட்டு இடம் ஒதுக்கினார்கள். அதுவே அவள் பெயராயிற்று.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. அந்த வாரம் எதை விட்டேன் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். சிகரெட்டை விட்டேன். தம்பி மேல் போட்ட வழக்கை விட்டேன். ஆனால் சாமி குணமாக்கும் என்று மருந்தை விட்டேன் என்பவருக்குத்தான் அண்ணனின் பக்கத்தில் இடம். அன்றிலிருந்து வட்டத்தார் முறை வைத்து, மருந்தை விட்டவர் வீட்டுக்குப் போவார்கள். சமைப்பார்கள், துணி துவைப்பார்கள், பேசிச் சிரிப்பார்கள். திரும்ப மருந்தைத் தொட்டால், ஒருவரும் வாசல் மிதிக்க மாட்டார்கள்.

அவளுடைய ஆய்வு நெறியாளருக்கு இதைக் கேட்டு வாயெல்லாம் பல். "பழைய சமூகவியல் ஆளுங்க இதைத்தானே எழுதி வச்சாங்க? நம்பிக்கை வந்ததால கூட்டம் சேரல. கூட்டம் சேர்ந்ததால நம்பிக்கை வருது. கேக்குற விலை ஏற ஏற, கூட்டம் இறுகும். நீ பார்த்துக்கிட்டே இரு. வாயைத் திறந்தே, ஆய்வு கெட்டுடும்."

வாயைத் திறக்காமல் இருப்பது அவளுக்குப் பெரிய காரியம் இல்லை. பிறவியிலேயே அப்படித்தான்.

ஒரு வாரம், அவள் கையைப் பிடித்திருந்த தையல்கார அக்கா, "ஊசியை விட்டேன்" என்றாள்.

"தைக்கிற ஊசியையா அக்கா? அப்ப என் ஜாக்கெட்டு?" என்றாள் எதிரில் இருந்தவள். எல்லோரும் சிரித்தார்கள்.

"இன்சுலின் ஊசியை."

வட்டம் முழுக்கக் கைகள் இறுகின. மாணவியின் கையும் இறுகியது. உடம்பு சிலிர்த்தது. அது கூட்டத்தின் வேலை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சிலிர்த்தது. சின்ன வயதிலிருந்தே ஊசியால் ஓடும் உடம்பு அக்காவுக்கு என்பது, சிலிர்ப்பு அடங்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. அப்போதும் பேசவில்லை.

மாணவியின் முறை வந்த அன்று அக்கா வீட்டுக்குப் போனபோது, தையல் மெஷினில் பாதி தைத்த பள்ளிச் சீருடை கிடந்தது. அக்கா சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். மூச்சில் அழுகிய பழ வாசம். இன்சுலின் இல்லாமல் ரத்தம் விஷமாகும்போது வரும் வாசம் அது என்று மாணவி படித்திருக்கிறாள்.

"அக்கா, ஊசி எங்க?"

"ஃப்ரிட்ஜ்லதான். தூக்கிப் போட மனசு வரல."

"போட்டுக்குங்க. இப்பவே."

"போட்டுக்கிட்டா நாளைக்கு யாரு வருவா? இத்தனை வருஷம் ஒழுங்கா போட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்? அளவு குடுக்க வந்தவங்களத் தவிர இந்தக் கதவை யாரு தட்டினா?"

"சாமி குணமாக்கும்னு நம்பித்தானே விட்டீங்க?"

"அதெல்லாம் அண்ணன் பாடு. எனக்கு மனுஷங்க போதும்."

"நான் வர்றேன்க்கா."

"எதுவரைக்கும்? பட்டம் வாங்குற வரைக்குமா?"

சொம்பை எடுக்க எழுந்த அக்கா, மெஷின் மேலேயே சாய்ந்தாள். மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்கியது. "யாரையும் கூப்பிடாதே, படிப்பு. உன் காலைப் பிடிக்கிறேன்."

மாணவி முதலில் அழைத்தது நெறியாளரைத்தான். பழக்கதோஷம். "ஆம்புலன்ஸ் வந்தா உன் கள ஆய்வு அதோட முடிஞ்சுது," என்றார் அவர். பிறகு, "நான் ஒண்ணும் சொல்லல. நீயே முடிவு பண்ணு" என்று வைத்துவிட்டார்.

அவள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

ஸ்ட்ரெச்சர் இறங்கும்போது, அடுத்த முறைக்காரர்கள் சாப்பாட்டுத் தூக்கோடு படியேறி வந்துகொண்டிருந்தார்கள். சுவரோடு ஒட்டி வழி விட்டார்கள். பிறகு தூக்கோடு அப்படியே திரும்பிப் போனார்கள்.

அக்கா பிழைத்தாள். பார்வையாளர் நேரத்தில் பக்கத்துக் கட்டில்களைச் சுற்றி உட்கார இடமில்லை. அக்கா வார்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு வீட்டுக்குப் போகலாம். கூட இருந்து பார்த்துக்க ஆள் வேணும்," என்ற நர்ஸ் மாணவியிடம் திரும்பினாள். "நீங்க தங்கச்சியா?"

"ஆமா."

"இல்ல சிஸ்டர்," என்றாள் அக்கா. "எனக்கு யாரும் இல்ல."

நர்ஸ் நகர்ந்ததும் அவள் மாணவியின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடியில் பலமே இல்லை.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணு. நான் ஊசியை மறுபடி விட்டுட்டேன்னு அண்ணன்கிட்ட போய்ச் சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீ படிச்சவ, நீ சொன்னா நம்புவாங்க."