நடுவர் கேட்ட ஒரு நிமிடம்

1

இந்தக் கதையை நான் அனுமதி கேட்காமலே எடுத்தேன். நாரந்தனையில் நடந்த கரப்பந்தாட்ட இறுதிப் போட்டியைப் பார்க்கப் போனவன், கடைசியில் நடுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். நடுவர் பவதாரணி, என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். இப்போது விளையாட்டு ஆசிரியை.

முதல் தொடக்கம்: ‘கடல் அன்று அவளைப் போலவே அழுதுகொண்டு…’

(கடலும் அழவில்லை, அவளும் அழவில்லை. வெட்டிவிட்டேன்.)

2

நடந்தது இதுதான். இரண்டு வருடங்களுக்கு முன் வேலணை வீதியில் மாடு குறுக்கே பாய்ந்து, அவளுடைய ஸ்கூட்டர் சரிந்தது. தலையில் பலத்த அடி. மூன்று கிழமை ஆஸ்பத்திரி. காயம் ஆறியதும், தப்பிவிட்டாள் என்று ஊர் நிம்மதியடைந்தது.

வீட்டுக்குள் நடந்ததை ஊர் காணவில்லை. குசினியில் கரண்டி விழுந்தாலும் காதைப் பொத்திக்கொள்வாள். தெரிந்த சொல் வாய்வரை வந்து நின்றுவிடும். ஒருநாள் சோற்றுக் கோப்பையைக் கணவன் ஜெயரூபன்மீது எறிந்துவிட்டு, ஏன் எறிந்தேன் என்று அவனிடமே கேட்டாள். அவன்தான் உளநல ஆலோசகரிடம் கூட்டிப்போனான். முதலில் அரைமணி நேரம் வெளியே நடந்தாள். பிறகு கடைக்குப் போனாள். பிறகு ஒரு பாடம் எடுத்தாள். பல நாட்கள் பாதியில் திரும்பினாள்.

3

இதுவரை எழுதியதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கதிரையில் உட்கார்ந்து ஆறுதலாக வாசித்தாள்.

“ஒரு வரி பிழை.”

“எது?”

“‘பழைய பவதாரணி திரும்பி வந்தாள்’ எண்டு எழுதியிருக்கிறீர். அவள் வரேல்லை. அவளைத் தேடித்தேடி எனக்குக் களைச்சுப் போச்சு. இப்ப இருக்கிறவளை எழுதும்.”

வெட்டிவிட்டேன். நீங்கள் அந்த வரியைத் தேடவேண்டாம்.

4

சரவணை ஊர் அணிக்கும் நாரந்தனை அணிக்கும் கடைசிச் சுற்று. புள்ளி பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. சரவணைக்காரர் அடித்த பந்து கோட்டோரம் விழுந்தது. உள்ளே என்று பாதிச் சனம், வெளியே என்று மீதிச் சனம். விளையாட்டுக்காரர் அவளைச் சூழ்ந்துவிட்டார்கள். அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

(‘மயங்கி விழுந்தாள்’ என்று இங்கே முடிக்கலாம். அனுதாபம் நிச்சயம். ஆனால் அவள் விழவில்லை.)

அறிவிப்பாளரின் மைக்கை வாங்கினாள்.

“எனக்குத் தலையிலை அடிபட்டது எல்லாருக்கும் தெரியும். இவ்வளவு சத்தத்துக்குள்ளை என்னாலை யோசிக்க ஏலாது. ஒரு நிமிஷம் தாங்கோ. சரியாச் சொல்லுவன்.”

நானூறு பேர் வாய் மூடினார்கள். ஐஸ்கிறீம் வான்காரர்கூடப் பாட்டை நிறுத்தினார்.

கண்ணை மூடி நின்றாள். பிறகு கோட்டு நடுவர் சுபேசனைக் கூப்பிட்டாள்.

“நீர் என்ன கண்டனீர்?”

“உள்ளை விழுந்தது, ரீச்சர்.”

“ஓம், நானும் அதைத்தான் கண்டனான். புள்ளி சரவணைக்கு.”

நாரந்தனை அணித் தலைவன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். தலையாட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனான். இரண்டு பக்கமும் கைதட்டியது. அவள் சிரித்ததை நான் கண்டேன். அது பழைய சிரிப்பா என்று யோசிக்கவில்லை.

5

யார் வென்றது? எழுதக்கூடாது என்கிறாள்.

“எழுதினால் அரைவாசி ஊர் இதை வாசிக்காது.”

ஆகவே வென்ற அணியின் பெயரை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்: ‘…………’

தோற்ற அணிதான் முதலில் வந்து அவளுக்குக் கைகொடுத்தது. அந்த வரியை மாற்ற உங்களுக்கு அனுமதியில்லை.