வண்டியை ஓட்டியது யார்

சங்கர்ராமின் மாமனார் வாஞ்சிநாதனுக்கு அறுபத்தெட்டு வயது. தான் வண்டியில் இருக்கும்போது ஸ்டியரிங்கை இன்னொருவர் தொட விடமாட்டார். அன்று அரூரில் கல்யாணச் சாப்பாடு முடிந்து மட்டாஞ்சேரி வீட்டுக்குத் திரும்பும்போதும் அவர்தான் ஓட்டினார். இடக்கொச்சியில் வண்டிகள் நகராமல் நின்றதும், கெட்டு எனப்படும் இறால் குளங்களின் நடுவே போகும் மண்பாதையில் சட்டென்று திருப்பிவிட்டார்.

"மாமா, மெள்ளப் போலாமே. வழி பூரா சரளையாக்கும்."

"நான் ஓட்டாத வழியா மாப்ளே?"

சொன்ன வீம்புக்கே இன்னும் அழுத்தினார். பின்னால் செம்புழுதி எழுந்து கண்ணாடியை மறைத்தது. இடது ஓரத்தில் யாரோ கொட்டி வைத்திருந்த ஜல்லிக் குவியல் சங்கர்ராமுக்குத் தூரத்திலேயே தெரிந்தது. வண்டி விலகவில்லை. நேராக அதை நோக்கியே போனது.

"மாமா!"

கடைசி நொடியில் அவர் வெட்டித் திருப்பி பிரேக்கை மிதித்தார். சக்கரங்கள் பிடிப்பில்லாமல் வழுக்கின. வண்டி ஒரு சுற்றுச் சுற்றி, இடப்பக்கமாகச் சரிந்து கெட்டுக்குள் இறங்கியது.

சங்கர்ராமின் பக்கத்துக் கதவு சேற்றில் புதைந்துபோனது. பெல்ட் கழலவில்லை. தண்ணீர் முழங்காலைத் தொட்டு, மடிக்கு ஏறியது. மேலே சாய்ந்திருந்த வாஞ்சிநாதன் தன் கதவைத் தள்ளித் தள்ளிப் பார்த்து ஓய்ந்தார். கண்ணாடியும் இறங்க மறுத்தது.

"எனக்கு அந்த ஜல்லி தெரியலை," என்றார் திடீரென்று. "இடது கண்ணுல ஒண்ணும் தெரியறதில்லை. மூணு மாசமாக்கும்."

தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது.

"என் பொண்ணுட்ட சொல்லப்படாது மாப்ளே. சத்தியம் பண்ணுங்கோ."

அந்த இடத்தில் எதைக் கேட்டாலும் அவன் சரி என்றுதான் சொல்லியிருப்பான். சொன்னான்.

பக்கத்துக் கெட்டில் வலை இழுத்துக்கொண்டிருந்த அனில் என்ற மீனவன் ஓடி வந்து, கல்லால் பின்கண்ணாடியை உடைத்தான். உள்ளே ஊர்ந்து வந்து கத்தியால் பெல்ட்டை அறுத்து, இருவரையும் ஒவ்வொருவராக வெளியே இழுத்தான். அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

"ஆராணு ஓடிச்சது?" யார் ஓட்டியது என்று அனில் மலையாளத்தில் கேட்டான்.

வாஞ்சிநாதன் ஈர வேஷ்டியைப் பிழிந்தபடி, "மாப்பிள்ளை," என்றார்.

எல்லோரும் சங்கர்ராமைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தால் சத்தியம் போகும், திறக்காவிட்டால் பொய் நிற்கும். அவன் தலை குனிந்துகொண்டான்.

வீட்டில் ஸாதனா அப்பாவின் முழங்கைக் காயத்துக்கு மருந்து போட்டபடியே கணவனைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா ஓட்டியிருந்தா இப்படி ஆகுமா? வயசானவரைக் கொன்னிருப்பேளே!" கதவுகள் எல்லாம் திறந்து கிடந்த அந்தக் கூடத்தில் அவனுக்கு மூச்சு முட்டியது. "நாளைக்கு நம்ம ஸுப்ரியாவுக்குக் கலூர்ல டான்ஸ் போட்டி. எதிர்வீட்டு ராமபத்ரன் மாமா கார் தரேன்னுட்டார். அப்பாவே குழந்தையைக் கொண்டுபோகட்டும்."

சங்கர்ராம் மாமனாரைப் பார்த்தான். அவர் மறுப்பார் என்று காத்திருந்தான்.

"ஆகட்டும்," என்றார் வாஞ்சிநாதன்.

"ஓட்டினது நானில்லை ஸாதனா," என்றான் சங்கர்ராம். "மாமாவாக்கும். அவருக்கு இடது கண் தெரியலை. சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருந்தேன். ஆனா குழந்தையை ஏத்தி அனுப்ப என்னால முடியாது."

ஸாதனாவின் கை பஞ்சோடு அப்படியே நின்றது. "அப்பா?"

அவர் எழுந்து அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். ஸாதனா கதவைத் தட்டினாள், அழுதாள். சங்கர்ராம் ஈரச் சட்டையைக்கூட மாற்றாமல் நாற்காலியிலேயே கிடந்தான். காப்பி நேரமும் கழிந்தது.

சாயங்காலம் தாழ் திறந்தது. வாஞ்சிநாதன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். மகளையும் பார்க்கவில்லை, மருமகனையும் பார்க்கவில்லை.

"கண் டாக்டர் எத்தனை மணி வரைக்கும் இருப்பார் மாப்ளே?"

"ஏழு வரைக்கும் இருப்பார் மாமா," என்று சொல்லிவிட்டு, சங்கர்ராம் ஆட்டோ கூப்பிடத் தெருவுக்கு இறங்கினான்.