காற்றில்லாத நாள்

குளிர்காலம் முழுக்க மாட்டுக் கொட்டகைக்கு அடியிலுள்ள தொட்டியில் தேங்கிய சாணிக் குழம்பை வசந்தத்தில் வயலுக்கு இறைப்போம். சத்தெல்லாம் அடியில் படிந்துவிடுவதால் முதலில் கலக்கியாக வேண்டும். கலக்கினால் விஷவாயு கிளம்பும். அது ஆளைக் கொல்வதற்கு முன் மூக்கைக் கொன்றுவிடும். அதனால் நல்ல காற்றடிக்கும் நாளில்தான் கலக்குவோம்.

அன்று முற்றத்துக் கம்பத்தில் கொடி துவண்டு தொங்கியது. மறுநாள் மழை என்றார்கள்; நனைந்த வயலில் இறைக்க முடியாது. சனியனே என்று மாடுகளை வெளியே ஓட்டிவிட்டுக் கலக்க ஆரம்பித்தேன்.

என் மனைவியின் தம்பி ட்ரோல்ஸ் கோபன்ஹேகனிலிருந்து வந்திருந்தான். வந்ததிலிருந்து மூக்கைப் பிடித்தபடி ஒரே கேலி.

"மாமா, உங்க வீட்டுக் காபில கூட சாணி வாடைதான்!"

"வாய மூடிட்டு அங்கயே நில்லு. கொட்டகைக்குள்ள கால வச்சே, செத்துத் தொலைவ!" என்று கத்திவிட்டு, கலக்கியை ஓட்டும் டிராக்டரில் ஏறினேன்.

சற்று நேரத்தில் அவன் குரல் கொட்டகைக்குள்ளிருந்து வந்தது.

"சும்மா பயமுறுத்துறீங்களே மாமா! மொதல்ல குடலப் புடுங்குச்சு. இப்ப நாத்தமே இல்ல. உங்க பூனையப் பாருங்க, எவ்ளோ நிம்மதியா தூங்குது!"

"வெளிய ஓடி வாடா!"

பதில் வரவில்லை. கொடி அசையவும் இல்லை.